நாற்காலியில் ஏறிப் பார்க்கும் கோலம்



தீபாவளி நெருங்கும் வேளையில் கோயில் மண்டபங்களிலும் குடியிருப்புப் பகுதிகளின் பொதுமண்டபங்களிலும் இளைஞர்களுக்கான கோலப் போட்டிகள் நடைபெறுவது நம் வட்டாரத்தில் வழக்கம். குழுவுக்கு நால்வர். சுண்ணக்கட்டியால் வெளிக்கோடு. சாயமேற்றி உலர்த்திய அரிசி ஏழெட்டு நிறங்களில். நேரம் இரண்டு மணி. ஆசிரியை என்பதால் என்னை நடுவராக அழைத்துவிடுவார்கள். அண்மைய சில ஆண்டுகளாக அங்கே ஒன்றைத் தவறாமல் காண்கிறேன். கோலம் முடியும் தறுவாயில் குழுவில் ஒருவர் நாற்காலியின்மேல் ஏறுகிறார். திறன்பேசியைத் தலைக்குமேல் நீட்டிப் படம் எடுக்கிறார். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இடப்பக்கம் மஞ்சள் போதவில்லை" என்று கீழே இருப்போரிடம் சொல்கிறார். அவர்கள் மஞ்சளைத் தூவுகிறார்கள். மீண்டும் ஒரு படம். அதன்பிறகே கைகளைத் தட்டிக்கொண்டு எழுகிறார்கள்.

கோலம் தரையில் கிடக்கிறது. ஆனால் அது முடிந்துவிட்டதா என்பதைத் திரை சொல்கிறது!

சமூக ஊடகங்கள் ஓவியர்களின் படைப்பு முறையை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பது தலைநகரத்துக் காட்சிக்கூடங்களில் பேசப்படும் பொருள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அம்பாங் பெச்சாவிலும், கோலகுபு பாருவிலும், கோலசிலாங்கூர்த் தோட்டப்புறங்களிலும் அது நம் வாசல்வரை வந்துவிட்டது. (ஊர்ப்பெயரிலேயே 'கோல'த்தை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நாம். அது 'குவாலா' என்னும் மலாய்ச் சொல், ஆறு கூடும் இடத்தைக் குறிப்பது என்பது வேறு செய்தி.) நம்மிடையே மிகுதியாக இருக்கும் காட்சிக் கலைஞர்கள் யார்? தூரிகை பிடித்தவர்கள் அல்லர். கோலம் போடும் பெண்கள்தாம். ஆகவே அவர்களிடமிருந்தே இதைத் தொடங்குகிறேன்.

கோலம் எங்கிருந்து பார்ப்பதற்காகப் போடப்பட்டது? வாசலைக் கடந்து போகிறவர் நின்ற உயரத்திலிருந்து, சற்றுச் சாய்வாகப் பார்ப்பதற்காக. போடுகிறவளோ குனிந்த நிலையில், தன் காலடிக்கு முன்னால் இருக்கும் ஒரு முழத்தை மட்டுமே ஒரு நேரத்தில் காண்கிறாள். முழு வடிவம் அவள் கண்ணில் இல்லை; கணக்கில் இருக்கிறது. நடுவில் 15 புள்ளி, இருபுறமும் 8 வரை ஊடுபுள்ளி என்றால் மொத்தம் 169 புள்ளிகள். அவற்றைச் சுற்றிக் கம்பி இழுக்கும்போது எங்கே வளைய வேண்டும், எங்கே தாண்ட வேண்டும் என்பதைக் கை அறியும். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் கோல வடிவங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விளக்கி ஆய்வுக்கட்டுரை எழுதினார். விடியற்காலையில் நம் பாட்டிமார் விளக்கொளியில் செய்த வேலைக்குள் அத்தகைய கணக்கு இருந்தது.

மேலிருந்து நேராகப் பார்ப்பது பறவையின் பார்வை. அந்தப் பார்வையில் கோலத்தை எவரும் முன்பு கண்டதில்லை. இன்று ஏறக்குறைய எல்லாரும் அந்தப் பார்வையில் மட்டுமே காண்கிறோம்.

என் முன்னாள் மாணவி ஒருத்தி தீபாவளிக் காலத்தில் கடைகளுக்கும் பேரங்காடிகளுக்கும் கோலம் போட்டுத் தருகிறாள். மற்ற மாதங்களில் திறன்பேசியிலும் தாளிலும் முகங்களை வரைந்து விற்கிறாள். அழைப்புகள் எல்லாம் படவரி வழியாகவே வருகின்றன. (இன்ஸ்டாகிராமைத்தான் நம் நாட்டில் நாம் படவரி என்கிறோம்.) அவளிடம் ஒரு மாலை நெடுநேரம் உரையாடினேன். கூச்சமின்றி, தொழில்காரருக்கே உரிய தெளிவுடன் சொன்னாள்.

"வட்டக் கோலம் இப்போது குறைத்துவிட்டேன், டீச்சர். நெடுக்குத் திரையில் வட்டம் சிறுத்துப்போகிறது. மேலும் கீழும் வெறுந்தரைதான் தெரியும். நிற்கும் மயில், குத்துவிளக்கு, தண்டோடு கூடிய தாமரை, இவை என்றால் திரை நிறையும்."

இதைக் கேட்டபோது எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. படவரி 2010 அக்டோபரில் தொடங்கியபோது அதில் சதுரப் படம் மட்டுமே இட முடியும். 2015 ஆகத்தில்தான் நெடுக்கும் கிடையுமான படங்களுக்கு இடம் தந்தார்கள். 2016-இல் படங்கள் நேர வரிசையில் வருவது நின்று, எது முன்னே வரவேண்டும் என்று நிறுவனத்தின் கணிப்பு முறையே முடிவு செய்யத் தொடங்கியது. 2020 ஆகத்தில் 'ரீல்ஸ்' எனும் குறுங்காணொளி வந்தது. மறு ஆண்டு அதன் தலைவர் ஆடம் மொசேரியே, இது இனிப் படம் பகிரும் செயலி மட்டும் அன்று என்று வெளிப்படையாகக் கூறினார். 2025 சனவரியில் ஒருவரது பக்கத்தில் வரிசையாகத் தெரியும் கட்டங்களும் சதுரத்திலிருந்து நெடுக்கு வடிவத்துக்கு மாறின. கலிபோர்னியாவில் ஓர் அலுவலகத்தில் கட்டத்தின் அளவை மாற்றுகிறார்கள். உலு சிலாங்கூரில் ஒருத்தி வட்டக் கோலத்தைக் கைவிடுகிறாள். இடையில் யாரும் அவளுக்கு ஆணையிடவில்லை.

நிறத்தையும் கேட்டேன். கரும்பச்சையும் ஊதாவும் படத்தில் கறுத்துவிடுகின்றனவாம். ஆகவே சாயத்தைக் கூட்டி, கண்ணுக்குச் சற்று மிகையாகத் தோன்றும்வரை ஏற்றுகிறாள். நேரில் பார்ப்பவர்க்கு அது உறுத்தும் என்று அவளுக்கே தெரியும். "நேரில் முந்நூறு பேர் பார்ப்பார்கள். படத்தில் முப்பதாயிரம் பேர். யாருக்காகப் போடுவது?" என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். விடை சொல்ல எளிதான கேள்வி அன்று அது.

அவள் கோலத்தின் நடுப்பகுதியை இறுதியாக நிரப்புகிறாள் என்பதையும் குறிப்பிட வேண்டும். நடுவிலிருந்து வெளியே செல்வதுதான் இயல்பான முறை. அப்போதுதான் அரிசி கலையாது. ஆனால் மயிலின் கண்ணை முதலில் வைத்துவிட்டால் காணொளியின் கடைசி நொடிக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. ஆகவே இரு பலகைகளைக் குறுக்கே போட்டு, அவற்றின்மேல் முழந்தாளிட்டு, கண்ணைக் கடைசியில் வைக்கிறாள். முதுகுவலி அதன் விலை.

பிறர் படைப்பைப் பார்த்துப் படைப்பது நமக்குப் புதிதன்று என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவி வண்ணப்படங்களை வெளியிட்ட பிறகு, தெய்வங்களின் முகமே நம் மனத்தில் மாறிப்போனது. கோவில்பட்டி கொண்டைய ராஜுவும் அவர் வழிவந்தவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சான நாள்காட்டிகள் கடல்கடந்து நம் லயத்து வீடுகளின் சுவர்களிலும் தொங்கின. பெண்கள் இதழ்கள் மார்கழியில் கோலப் புத்தகத்தை இணைப்பாகத் தந்தன. என் தாயாரின் காலத்தில் ஒருவர் குறிப்பேட்டிலிருந்து இன்னொருவர் குறிப்பேட்டுக்குக் கோலங்கள் படியெடுக்கப்பட்டன. அரிசிமாவு ஒட்டிய விரல்தடங்களோடு. எல்லாமே பிறரைப் பார்த்துச் செய்தவைதாம். 'முகநூலால் சொந்தக் கற்பனை அழிந்துவிட்டது' என்று மேடைதோறும் புலம்புவோரோடு நான் உடன்படாததற்கு இதுவே காரணம்.

அப்படியானால் புதியது எது?

பார்ப்பவரின் முகம் வரைபவரின் வேலைக்கு நடுவே வந்து அமர்ந்துகொண்டது. அதுதான் புதியது. நாள்காட்டி ஓவியர்க்கு அடுத்த ஆண்டு விற்பனை தெரிய ஓராண்டு ஆகும். இதழ் ஓவியர்க்கு வாசகர் கடிதம் வர இரண்டு வாரம். என் மாணவிக்கு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் வந்த விருப்பக்குறிகளை வைத்து நாளைய கோலத்தை அவள் முடிவு செய்கிறாள். ஒருமுறை தன் தாயிடம் கற்ற நெளிக்கோலம் ஒன்றை வெள்ளை மாவில் மட்டும் போட்டு இட்டாளாம். எவரும் சீண்டவில்லை. அதன்பிறகு அவள் வெள்ளைக் கோலம் போடவே இல்லை. அந்த நெளிக்கோலம் நன்றாக இருந்ததா இல்லையா என்று அவளையே கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "தெரியவில்லை, டீச்சர்" என்றாள்.

இந்த விடைதான் என்னை இதை எழுதத் தூண்டியது. எவ்வளவு நேர்த்தியான கை அவளுடையது! அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்குத் தன் கோலம் நன்றாக இருந்ததா என்று தெரியவில்லை.

அவளுடைய தாயார் தோட்டத்தில் வேலை செய்தவர். விடியுமுன் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குமுன் வாசல் தெளித்துக் கோலம். நாற்பது ஆண்டுகள் போட்டிருக்கிறார். எத்தனை கோணல், எத்தனை பிசகு இருந்திருக்கும்! ஒன்றுகூட எஞ்சவில்லை. பத்து மணிக்குள் காலடி பட்டு, கோழி கிளறி, மழை பெய்து எல்லாம் போய்விடும். மறுநாள் வாசல் வெறுமையாகக் காத்திருக்கும். கோலத்தின் அழியும் தன்மையைப் பலரும் தத்துவமாகப் பேசுவார்கள். ஆசிரியையாகிய எனக்கு அதில் தெரிவது வேறு. அது மிகச் சிறந்த பயிற்சி முறை. நேற்றைய பிழை இன்று உன்னைத் துரத்தாது. நேற்றைய புகழும் துரத்தாது. இன்றோ பன்னிரண்டு வயதுப் பிள்ளை போட்ட முதல் கோலமும் பெற்றோரின் முகநூலில் நிரந்தரமாக நிற்கிறது. மோசமாக வரைவதற்கு ஒரு மறைவிடம் வேண்டும். அது பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விட்டது.

ஆனால் இந்தத் தாயாரின் பெயர் யாருக்குத் தெரியும்? நாற்பது ஆண்டு வேலைக்குக் கூலி இல்லை, பாராட்டு இல்லை, படமும் இல்லை. மகளுக்குப் பெயர் உண்டு. தீபாவளி மாதத்தில் ஈட்டும் பணத்தில் தம்பியின் கல்லூரிச் செலவைப் பார்க்கிறாள். 'மறைவிடம் வேண்டும்' என்று நான் சொல்வது நல்ல சம்பளம் வாங்குகிறவரின் பேச்சாக அவளுக்குப் படலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. மகளின் திறன்பேசியில் பார்வையாளர் எண்ணிக்கையைக் கண்ட அந்த அம்மா, "இவர்கள் எல்லாம் யார்? நம் வீட்டுக்கு வந்திருக்கிறார்களா?" என்று கேட்டாராம்.

ஊடகத்தைக் கண்டு ஒதுங்காமல் அதையே தாளாகவும் மையாகவும் ஆக்கிக்கொண்டவர்களும் உண்டு. நம் நாட்டு ஓவியர் ரெட் ஹொங் யி சபாவில் பிறந்தவர், கட்டடக் கலை பயின்றவர். 2012-இல் சாங்காயில், தூரிகையே இல்லாமல், சிவப்புச் சாயத்தில் தோய்த்த கூடைப்பந்தைத் தட்டித் தட்டி விளையாட்டு வீரர் யாவ் மிங்கின் உருவத்தைத் தரையில் வரைந்தார். அந்தக் காணொளி வலையொளியில் உலகெங்கும் பரவியது. 2021-இல் 'டைம்' இதழின் அட்டைக்காக 50,000 தீக்குச்சிகளால் உலகப் படம் அமைத்து, அதைக் கொளுத்திப் படமெடுத்தார். பருவநிலை மாற்றத்தைப் பற்றிய இதழ் அது. இங்கே எரிவதுதான் படைப்பு. காணொளி இல்லாவிட்டால் படைப்பே இல்லை. கோலத்தைப் போலவே அழிவதற்காகச் செய்யப்பட்டது. ஆனால் எப்போது, எந்தக் கருவிக்கு முன்னால் அழிய வேண்டும் என்பதை அவரே தீர்மானித்தார். என் மாணவி இறுதிவரை மயிலின் கண்ணை ஒத்திவைப்பதற்கும் இதற்கும் இடையே நூலளவு வேறுபாடுதான். அந்த நூலிழையில்தான் எல்லாம் இருக்கிறது.

கோலமே இத்தகைய பயணங்களைச் செய்திருக்கிறது. 2019 திசம்பர் 29-ஆம் நாள் சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து வாசல்களில் கோலமிட்டவர்களைக் காவல்துறையினர் பிடித்துவைத்துப் பின்னர் விடுவித்தனர். படங்கள் பரவின. மறுநாளே தி.மு.க. தலைவர்களின் வீட்டு வாசல்கள் உட்படப் பல இடங்களில் அதே கோலங்கள் தோன்றின. 2021 சனவரியில் அமெரிக்கத் துணை அதிபராகக் கமலா ஹாரிஸ் பதவியேற்றதை ஒட்டி, மேரிலாந்து ஓவியர் சாந்தி சந்திரசேகர் உள்ளிட்டோர் இணையம் வழி அழைப்பு விடுக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அட்டைத் துண்டுகளில் கோலமிட்டு அனுப்பினர். வாசிங்டனில் பாதுகாப்புக் கெடுபிடி இருந்ததால், அவை தரையில் விரிக்கப்படாமல் திரையிலேயே ஒரு பெருங்கோலமாகச் சேர்ந்தன. ஒரு வாசலுக்குள் அடங்கியிருந்த கலைக்கு ஊடகம் ஊரையே வாசலாக்கியது. இதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை.

கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் பயின்ற ஓவியர் இளையராஜாவை இங்கே நினைக்கிறேன். தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்களை, அடுப்படிப் புகையையும் கதவிடுக்கு வெயிலையும் சேர்த்து, நிழற்படமோ என்று மயங்கும்படி வரைந்தவர். கொரோனாத் தொற்றால் 2021 சூனில் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய ஓவியங்கள் என் புலனக் குழுக்களில் எத்தனையோ முறை வந்திருக்கின்றன, பெரும்பாலும் ஓவியரின் பெயர் இல்லாமல், 'இது படமன்று, ஓவியம்!' என்ற வியப்புக் குறியுடன். ஊடகம் அவர் புகழைச் சுமந்து சென்றது. அந்தக் கையைச் செய்யவில்லை. அந்தக் கை அதற்குமுன், எவரும் விருப்பக்குறி இடாத ஓவிய வகுப்புகளில் உருவாகிவிட்டது. அந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன்: முதலில் கை, பிறகு திரை. நம் பிள்ளைகளுக்கு இது தலைகீழாக நடக்கிறது.

வகுப்பறையில் நான் கண்டதை ஒரு சான்றாகச் சொல்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் காட்சிக்கலைப் பாடத்தில் 'கடற்கரை' என்ற தலைப்பைக் கொடுத்தேன். கோலசிலாங்கூர் சாசரானுக்கு அப்பால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் வற்றும் நாள்களில் மேலெழும் மணல்திட்டு ஒன்று உண்டல்லவா? 'ஸ்கை மிரர்' என்று பெயர் சூட்டி, படகில் அழைத்துச் சென்று, நீரில் நிழல் விழ நிற்கவைத்துப் படமெடுத்துத் தருவார்கள். பதினொரு பிள்ளைகள் அந்த நிழற்படத்தைத்தான் வரைந்திருந்தார்கள். வரிசையாகக் கைகோத்து நிற்கும் மனிதர்கள், கீழே தலைகீழாக அதே மனிதர்கள். அவர்களுள் அங்கே சென்றவர்கள் இருவர் மட்டுமே. நண்டு இல்லை, சேறு இல்லை, படகின் எண்ணெய் நாற்றம் இல்லை. அதே கோலசிலாங்கூரில் கம்போங் குவாந்தான் ஆற்றோரம் மின்மினிகள் பெரெம்பாங் மரங்களில் மினுக்குகின்றன; சாதாரணத் திறன்பேசிக்கு அவை ஒழுங்காக அகப்படுவதில்லை. அதனால்தானோ என்னவோ, 'இரவு' என்று தலைப்புக் கொடுத்தபோது அவற்றைப் பிள்ளைகள் தம் விருப்பப்படி வரைந்தார்கள். ஒரு பையன் மின்மினிக்கு மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான்!

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்பீர்கள். கேட்டதும் படம் வரைந்து தரும் பொறிகள் வந்துவிட்டன. ஓவியர்கள் பொதுவில் இட்ட படங்களைத் தன் பொறியைப் பயிற்றப் பயன்படுத்துவதாக மெட்டா நிறுவனம் அறிவித்ததும் 2024-இல் பல்லாயிரம் ஓவியர்கள் 'காரா' என்னும் வேறு தளத்துக்குப் பெயர்ந்தனர். இதைப் பிறிதொரு நாள் விரிவாகப் பார்ப்போம். பொறி போட்ட நெளிக்கோலங்கள் சிலவற்றைப் பார்த்தேன். தூரத்தில் அழகு. கிட்டப் போனால் கம்பி பாதியில் நிற்கிறது. புள்ளி ஒன்று அநாதையாகக் கிடக்கிறது. என் தாயார் கண்டிருந்தால் துடைப்பத்தைக் கையில் கொடுத்திருப்பார்.

இவ்வாண்டுப் போட்டிக்காக ஏற்பாட்டுக் குழுவிடம் இரண்டு கருத்துகளை முன்வைத்தேன். ஒன்று, நடுவர்கள் பார்த்து முடிக்கும்வரை கோலத்தைப் படமெடுக்கக் கூடாது. நாற்காலியும் கூடாது. இரண்டு, வெள்ளை மாவில் புள்ளிக் கோலத்துக்கென ஒரு தனிப் பிரிவு. பரிசு இல்லை, படமும் இல்லை, முடித்தவுடன் போட்டவரே கூட்டிவிட வேண்டும். முதலாவதை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவதற்கு ஆதரவாளர் தரப்பில் முகம் சுளித்தார்கள். படம் இல்லாமல் எதற்குப் பணம் தருவது என்பது அவர்கள் கேள்வி. அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆகவே இரண்டாவதைப் போட்டியிலிருந்து பிரித்துவிட்டேன். பள்ளி விடுமுறை தொடங்கும் முதல் சனிக்கிழமை, காலை ஏழு மணிக்கு, கோயில் மண்டபத்தின் பின்புறச் சிமெண்டுத் தளத்தில் கூடுகிறோம். கற்றுத்தர இருப்பவர் என் மாணவியின் தாயார். அவர் கேட்ட ஒரே பொருள் பச்சரிசி மாவு. கற்பொடி வேண்டாமாம், எறும்புக்கு ஆகாது என்றார். மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். திறன்பேசியை வீட்டில் வைத்துவிட்டு வருவாளா என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை